என் லாகினில் மட்டும் ஓடும்

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் ஆனது, எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி முளைத்தது. நேற்று வந்த அண்ணி கேமராவைத் தொட்டால் ஆகா, கவுண்டரில் சிரித்தால் ஓகோ. நான் பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து இங்கேதான் மாரடிக்கிறேன். ஏன் என்று ஒரு நாய்கூட என்னைக் கேட்டதில்லை.

சரி, தொலையட்டும். அடுத்த தெருவில் அண்ணன் திறக்கப்போகும் புதுக் கடை மட்டும் எனக்குத்தான் வேண்டும். அதையும் அவளுக்கே தூக்கிக் கொடுத்துவிடுவானோ என்று வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அன்று காலை அண்ணி தன் லாகினில் உட்கார்ந்து என் ஸ்கிரிப்டை ஓட்டினாள். கேமராவிலிருந்து வரும் படங்களையெல்லாம் ஒரே அடியில் சிறிதாக்கித் தரும் ஸ்கிரிப்ட் அது. கறுப்புத் திரை வந்தது. அப்படியொரு கட்டளையே கிடையாது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

"உனக்கு மட்டும் எப்படி ஓடுது?" என்றாள்.

"தெரியலையே அண்ணி. நேத்துகூட நல்லாத்தானே ஓடிச்சு."

தெரியாமல் என்ன? சிறிதாக்கும் வேலையைச் செய்வது வேறொரு மென்பொருள் கருவி. ஸ்கிரிப்ட் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடும், அவ்வளவுதான். அந்தக் கருவியை என் லாகினுக்கு மட்டும்தான் போட்டு வைத்திருந்தேன். அவள் லாகினில் விண்டோஸ் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது.

ஃபோல்டர் பேரிலிருந்த இடைவெளியை எடுத்துப் பார்த்தாள். மேற்கோள் குறி போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. படட்டுமே, எல்லாம் தெரிந்த மகராசி!

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இன்னுமா ஓடலை?"

"இவ உக்காந்தா ஓடுது, நான் உக்காந்தா மாட்டேங்குதுங்க," என்றாள் அண்ணி.

"அப்ப இவ இல்லாம இங்க ஒரு வேலையும் நடக்காது. இவ இங்கயே இருக்கட்டும். புதுக் கடையை நீ பாத்துக்கோ."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"அண்ணா, இரு! ஒரு நிமிஷ வேலை!" என்று கத்தினேன். என் லாகினுக்குள் போய்க் கருவியைப் பொது ஃபோல்டருக்கு மாற்றினேன். ஸ்கிரிப்டில் அதன் வெறும் பேருக்குப் பதிலாக, அது இருக்கும் இடத்தின் முழுப் பாதையை எழுதினேன். அண்ணி லாகினிலேயே ஓட்டிக் காட்டினேன். படங்கள் மடமடவென்று வந்து விழுந்தன.

அண்ணன் முகம் மாறியது. "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பாவங்க, இப்பத்தான் கண்டுபிடிச்சா," என்றாள் அண்ணனிடம். "காலையிலேர்ந்து என்கூட அவளும்தான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தா. இனிமே இங்க நானே ஓட்டிக்குவேன். புதுக் கடைக்கு இவளையே அனுப்புங்க."

"உங்க அண்ணி மனசு யாருக்கு வரும்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டான்.

கேட்ட கடை கிடைத்துவிட்டது. ஆனால் ஆயுசுக்கும் அது அவள் போட்ட பிச்சை. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.