தோள்பட்டைத் தையல்

மன்னாரிலிருந்து வந்த சில்வெஸ்ரர், ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் இரண்டு தையல் மெசின்களோடு மழைக்கோட்டுத் தொழிற்சாலை தொடங்கியபோது சிரிக்காத ஆளில்லை. பதினைந்து வருடத்தில் சிரித்தவர்களும் அவருடைய கோட்டைத்தான் போட்டார்கள். பிறகு அரசாங்கமே கூப்பிட்டுப் பாதுகாப்பு அமைச்சில், கொள்வனவுக்குப் பொறுப்பான பெரிய பதவியைக் கொடுத்தது. தொழிற்சாலையை மனைவியின் தம்பி கிளறன்சுக்கு முழுதாக விற்றுவிட்டுத்தான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

1987 ஜூலையில் கடற்படைக்கு ஆறாயிரம் மழைக்கோட்டுகள் தேவைப்பட்டன. கிளறன்சும் விண்ணப்பித்தான். சில்வெஸ்ரர் உறவை எழுத்தில் அறிவித்துவிட்டு, தெரிவுக் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். டெவன்போர்ட் கடற்படை முகாமில் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கிளறன்சின் கோட்டே தெரிவானது.

வேறு அலுவலாக முகாமுக்குப் போன சில்வெஸ்ரர், பரிசோதித்த அந்தக் கோட்டைப் புரட்டிப் பார்த்தார். தோள்பட்டையில் ஒற்றைத் தையல். அது முக்கால் மணித்தியாலத்தில் ஒழுகும். இதுவரை இதை வாங்கிப் போட்ட விவசாயி அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவான். காவலுக்கு நிற்கிற மாலுமி எங்கே போவான்?

நேரே தொழிற்சாலைக்குப் போனார்.

"கிளறன்ஸ், விண்ணப்பத்தைத் திருப்பி எடு. இது ஒழுகும்."

"பாஸ் பண்ணினதை ஏன் அத்தான் கிண்டுறியள்? இதை நம்பி வீட்டை மோர்ட்கேஜ் வைச்சனான். இது உங்கட தையல்தானே! கெதியாத் தைக்கலாம் எண்டு பழக்கினதே நீங்கள்தான்."

உண்மைதான். அவசரப்பட்டு இரட்டைத் தையலைக் கைவிட்டவர் அவரேதான். சில்வெஸ்ரருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற மனிதர் அல்லர் அவர்.

"அப்ப நாளைக்கு டெவன்போர்ட்டுக்கு வா," என்றார்.

மறுநாள் காலை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதிகாரிகள் யன்னலுக்குள் நின்று பார்க்க, அமைச்சின் பெரிய மனிதரான சில்வெஸ்ரர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவே போய் நின்றார். தேநீருக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று தலையாட்டினார். கிளறன்சுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்திருந்த இன்னொரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு வந்து நின்றான்.

"எவ்வளவு நேரமெண்டாலும் நிக்கிறன். சொட்டும் வராது," என்றான்.

அரை மணித்தியாலம் போனது. பிறகு சில்வெஸ்ரரின் வலது தோள் குளிர்ந்தது. அவர் அசையவில்லை. கிளறன்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முதலில் கண்ணை மூடினான். பிறகு தோளைத் தூக்கினான், இறக்கினான்.

"அத்தான்," என்றான் கடைசியில். "எனக்கும் நனையுது."

"தெரியும். நீ சொல்ல வேண்டாம். தையல் என்ரை. நானே சொல்லுறன்."

உள்ளே போய், ஈரச் சட்டையைக் காட்டி, இப்படித் தைக்கப் பழக்கியவன் தானேதான் என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். அதை அறிக்கையில் எழுதவும் வைத்தார். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஒரு மாதத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம், இனிப் பரிசோதனை நாலு மணித்தியாலம் என்று முடிவானது.

கிளறன்ஸ் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டான். கோட்டையும் கழற்றவில்லை. அந்த ஈரத்தோடே ஒனிஹங்காவுக்குப் போய், மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி, வலது தோள்பட்டையின் ஒற்றைத் தையலைப் பிரிக்கத் தொடங்கினான்.