ஜாடிக் கழுத்துக்குக் கீழே நான்கு விரல்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. எங்கள் எல்லர்ஸ்லி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, கூட வேலை செய்யும் யசீகரன் புலம்பியதை அப்படியே சுருட்டிக்கொண்டேன். 'ஆப்பிள் மதுவுக்குக் காற்று ஆகாது. ஜாடியைக் கழுத்துவரை நிரப்பாவிட்டால் புளித்து வினாகிரியாகிவிடும்' என்று தொடங்கினேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

'யசீகரனின் சான்ட்ரிங்ஹாம் வாடகை வீட்டின் பின்னால் ஓர் ஆப்பிள் மரம் நிற்கி...'

நிற்கவில்லை. வீட்டை வாங்கியவர் வெட்டிவிட்டார். கடைசிக் காய்ப்பில் வடித்த பத்து லிட்டர் ஆப்பிள் மது, சைடர்தான் மிச்சம். அது கெட்டால் மறுபடி வடிக்க வழியில்லை.

2

கந்தசஷ்டி விரதத்துக்கு முதல் நாள் மாலை. ஆறு நாள் தொடக்கூடாதே என்று யசீகரனும் நண்பன் ஷனிலும் ஜாடியைத் திறந்து ஆளுக்கொரு கிளாஸ் எடுத்தார்கள். (கிளாஸின் அளவை யசீகரன் சொல்லவில்லை.) காலையில் திருநீறு பூசிக்கொண்டு கராஜுக்குப் போனால், ஜாடிக் கழுத்துக்குக் கீழே நான்கு விரல் வெற்றிடம்.

மனைவி லோஜனாவிடம் போனான். அவளும் விரதம்; மதுவை ஆயுளில் தொட்டதில்லை.

"தண்ணி விட்டா என்ன?" என்றாள்.

"சப்பெண்டு போயிடும்."

"கடைச் சைடர்?"

"அது எங்கட மரம் இல்லையே. விரதத்தில நான் தொடவும் ஏலாது."

"முதல் நாள் மூக்குமுட்டக் குடிச்சுப்போட்டு, இப்ப விரதத்தைச் சாட்டுறீங்களோ?"

இந்த இடத்தில் 'கெட்டுத் துலையட்டும்' என்று அவளைச் சொல்லவைத்தேன். யசீகரன் வாசித்துவிட்டுத் தலையாட்டினான். "இல்லையப்பா, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

3

அவள் செய்தது இது. பூச்சாடியில் அழகுக்குப் போட்டிருந்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளை, அவள் பேச்சில் போளைகளை, கொதிநீரில் அவித்தாள். ஜாடியைச் சரித்து, தெறிக்காமல் ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். சைடர் கழுத்துவரை ஏறியது.

"நான் போளையைத்தான் தொட்டனான்" என்றாள். பிறகு அவனைப் பார்க்காமல், "அந்த மரத்துக்கு நாலு வருசம் தண்ணி விட்டது நான்" என்றாள்.

யசீகரனுக்கு வெட்கமாக இருந்தது. மரத்தை இழந்தவன் தான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தான்.

4

விரதம் முடித்த மறுநாள் லோஜனா ஒரு கிளாஸை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் விடுங்கோ."

முடிவு ஒன்று: சைடர் அருமையாக இருந்தது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: அந்த ஓர் இரவுக் காற்றே சைடரைக் கெடுக்கப் போதுமாயிருந்தது, அவள் முகம் சுளித்து...

உண்மையில் என்ன நடந்தது என்று யசீகரனிடம் கேட்டேன். "அது எங்கட வீட்டு விசயம்" என்று எழுந்து போய்விட்டான்.

ஆகவே நான் இத்துடன் நிறுத்துகிறேன். லோஜனா கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகிறாள். யசீகரன் பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குச் சொல்ல நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.