செவ்வாய்க்கிழமையே வந்த பெட்டி

செவ்வாய் மதியம் ஒன்றேகால் மணிக்கு, மருத்துவமனையின் பயணப் பிரிவு எழுத்தருக்கு வெளிநாட்டிலிருந்து மருந்துப்பெட்டி கொண்டுவரப் போயிருந்த பெட்டிக்காரரிடமிருந்து போன் வந்தது. தரை இறங்கியதும் ஒரு போன் செய்வது அவர் வழக்கம்.

"அண்ணே, வெளியே வந்துட்டேன். வண்டி எங்க?"

"எங்கேருந்து பேசுற?"

"நம்ம ஏர்போர்ட்லேருந்துதான்."

எழுத்தர் சிரித்தார். "விளையாடாதய்யா. உன் விமானம் கிளம்பவே இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு."

"அப்ப நான் நீந்தியா வந்தேன்? சீக்கிரம் அனுப்புங்க. கையில பெட்டி இருக்கு."

எழுத்தரின் சிரிப்பு நின்றது. பெட்டிக்குள், குளிரில், ஒரு கொடையாளியின் எலும்பு மஜ்ஜை இருந்தது. ஐந்தாம் மாடியில் படுத்திருந்த தையல்காரப் பெண்ணின் சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் புதியதை ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள்.

அவர் டிக்கெட்டை எடுத்தார். புறப்பாடு செவ்வாய் இரவு ஏழரை; வருகை செவ்வாய் பகல் ஒன்று. கிளம்புவதற்கு முன்பே எப்படி வந்து சேர முடியும்? போன வாரம் அதை அச்சுப்பிழை என்று நினைத்து, வார்டுக்கு அனுப்பிய தாளில் 'புதன்' என்று திருத்தியிருந்தார். இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார்: பதினோராயிரம் கிலோமீட்டர், பதிமூன்றரை மணி நேரப் பயணம். நடுக்கடலில் நாள் மாறும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஊர்க் கடிகாரம், இங்கே இருப்பதைவிட இருபது மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே செவ்வாய் இரவு ஏழரை என்றால், இங்கே திங்கள் இரவு பதினொன்றரைதான். டிக்கெட்டில் பிழையே இல்லை.

வண்டியை அனுப்பிவிட்டு மாடிப்படியில் ஓடினார். அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தரும் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபத்திநாலு மணி நேரம் மேடம்."

"உங்க தாளைப் பார்த்துத்தான் மருந்துக்கு நாள் குறிச்சேன். கடைசி மருந்து நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. அப்புறம் முழுசா ஒரு நாள் விடணும். முன்னாடியே ஏத்தினா, அந்த மருந்து புதுசையும் கொன்னுடும்." விரல்விட்டு எண்ணினார். "வியாழன் பத்து மணிக்கு அறுபத்தொன்பது ஆகும். மிச்சம் மூணே மணி நேரம்!"

வராந்தாவில் அந்தப் பெண்ணின் கணவன் நின்றிருந்தான். எழுத்தர் தானே போய்ச் சொன்னார்.

"கிழமையை மாத்தி எழுதினீங்களா?"

"தப்பா அச்சாகியிருக்குன்னு நெனச்சு சரி பண்ணினேன் தம்பி."

"யாரைக் கேட்டு?"

அவன் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வியாழன் காலை, ஏற்றுவதற்கு முன் ஆய்வகத்தில் ஒரு துளியைச் சோதித்தார்கள். எழுத்தர் டாக்டரம்மாவின் அறை வாசலிலேயே நின்றார். டாக்டரம்மா தொலைபேசியை வைத்தார்.

"செல்லுல நூத்துக்கு எழுபத்தெட்டு உயிரோட இருக்கு."

"போதுமா மேடம்?"

"ஏத்தலாம். உடம்பு ஏத்துக்குதான்னு தெரிய ரெண்டு வாரம் ஆகும்." பிறகு அவரைப் பார்த்தார். "அந்தத் தேதியையும் நீங்க திருத்திடாதீங்க."