மூக்குக்காரி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் மூக்குக்காரி. பால் திரிவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிடுவாள். கணவன் வெளியே எதைத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே பிடித்துவிடுவாள். அந்த மூக்கின் மேல் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். மூக்கு ஒரு தீர்ப்புச் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

வெயில் மண்டையைப் பிளந்த அந்தக் கோடையில், வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில்தான். கட்டிலில் அவளும் கணவனும், எதிர்ச் சுவரோரம் மடக்குக் கட்டிலில் மாமனாரும் படுத்தார்கள். எண்பதை நெருங்கும் மனிதர். இருக்கிற இடம் தெரியாது. முதல் மாதம் ஒன்றுமில்லை. அப்புறம்தான் மூக்கு விழித்துக்கொண்டது. கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனால் போதும், குப்பென்று ஒரு நாற்றம். ஈரத்துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்தது போல. அதற்கும் அடியில் எதுவோ செத்தது போல.

“உங்கப்பா ஒழுங்கா குளிக்கறாரா இல்லையா?” என்று கணவனை மடக்கினாள். “ஒரே ரூம்ல படுக்க முடியல. குமட்டுது.”

“வயசானவரு. மெதுவா பேசேன்.”

“மெதுவா பேசினா நாத்தம் போயிடுமா?”

மறுநாள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம், ஏசிக் காற்று மூட்டுவலிக்கு ஆகாதாம் என்றான். பெரியவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். மேற்கு வெயில் முழுவதையும் சுவரில் வாங்கிக்கொள்ளும் அறை. அங்கே ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றும். அன்றிலிருந்து அவர் நாளைக்கு மூன்று வேளை குளித்தார். மூன்று வேளையும் சோப்பு, கழுத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். அவள் எதிரே வந்தால் இரண்டடி தள்ளி நின்றே பேசினார். சுவருக்கும் காது உண்டு என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

ஆள் போயும் நாற்றம் போகவில்லை. மெத்தையை மாடியில் காயப்போட்டாள். திரைச்சீலையை வெந்நீரில் அலசினாள். மடக்குக் கட்டிலின் கால்களைக்கூட விடாமல் தேய்த்தாள். “ரூம்லயே ஊறிப் போச்சு, கர்மம்!” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஏசியிலிருந்து தலையணை மேல் தண்ணீர் சொட்டிய பிறகுதான் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் சாயங்காலம் வந்தான். ஏணியில் ஏறி, பளபளவென்றிருந்த மூடியைப் பார்த்தான்.

“கடைசியா எப்பக்கா சர்வீஸ் பண்ணீங்க?”

“வாரா வாரம் நானே துடைக்கறனே!”

“வெளியவா, உள்ளயா?”

அவன் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினான். எலித்தோல் மாதிரி சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. “பக்கெட்டக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க” என்றான். தண்ணீர் தேங்கும் தட்டைச் சாய்த்ததும், கறுத்துப்போன கொழகொழப்பு ஒன்று கட்டி கட்டியாகப் பக்கெட்டில் விழுந்தது. கடைசியாக, அதில் ஊறி உப்பிய பல்லி ஒன்று வாலில்லாமல் வந்து விழுந்தது. ஒரு துளி அவள் மணிக்கட்டில் தெறித்தது.

நாற்றம் அடித்தது. அதே நாற்றம். ஈரமூட்டை, அடியில் செத்தது, எல்லாம் அதே வரிசையில். அவள் மூக்கு பொய் சொல்லவே சொல்லாது.

மெக்கானிக் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தான். “ஏசித் தண்ணி போற இந்தப் பைப்பக் கேனுக்குள்ள அடிவரைக்கும் விட்டுக் கயிறு போட்டுக் கட்டினது யாரு?”

“நான்தான். தண்ணி வீணாப் போகுதேன்னு வீடு துடைக்கப் பிடிச்சேன். வெளிய தெறிக்காம இருக்கட்டும்னு...”

“நல்லா பண்ணீங்க போங்க! நுனி தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தா மேல இருக்கற தண்ணி எப்படிக்கா முழுசா இறங்கும்? உள்ளயே தேங்கி அழுகிடுச்சு. அந்தக் காத்தைத்தான் இத்தனை நாளா எல்லாரும் இழுத்திருக்கீங்க.”

அந்தக் கேன் தண்ணீரில்தான் அவள் தினமும் வீட்டைத் துடைத்தாள். பின்னறையை மட்டும் இரண்டு தடவை.

ஓடிப்போய் வாஷ்பேசினில் ஓங்கரித்தாள். மணிக்கட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். பல்லியை மறந்துவிடலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆக்கிவிட்டு, ஒரு மனுஷனைப் பார்த்து மூன்று வாரம் மூக்கைச் சுளித்த இந்த மூஞ்சியை என்ன செய்வது? கண்ணாடியில் அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மெக்கானிக் எல்லாவற்றையும் கழுவி மாட்டி, பைப்பைக் கேனுக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் போனான். அறை குளிர்ந்தது. நாற்றம் இல்லை. அவள் பின்னறைக்குப் போனாள். பெரியவர் வெற்றுடம்பில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கினார்.

“மாமா, ஏசி சரியாயிடுச்சு. அங்கயே வந்து படுங்க.”

“இருக்கட்டும்மா. இங்க எனக்கு வசதியாத்தான் இருக்கு.”

அவள் சொல்லியே விட்டாள். “அந்த நாத்தம் ஏசியிலதான் மாமா. எல்லாம் நான் பண்ணின வேலை. உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. மன்னிச்சிடுங்க.”

பெரியவர் முழங்கையைத் தூக்கி மோந்து பார்த்தார். தோளைத் திருப்பி அங்கேயும் மோந்தார்.

“இல்லம்மா,” என்றார் மெதுவாக, அவளைத் தேற்றுவது போல. “எனக்கே அடிக்குது. இரு, குளிச்சிட்டு வந்துடறேன்.”

கொடியில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அன்றைக்கு அது நாலாவது குளியல். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அங்கேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.