செங்கமலம் வேசம்

வேதாந்தம் வாத்தியாரு நல்ல மனுசன்தான். அத்த மொதல்லியே சொல்லிட்றேன், அப்பறம் நான் அவர ஏசறேன்னு யாரும் சொல்லக் கூடாது. கெட்டவன் ஒண்ணு பண்ணான்னா மண்ண வாரித் தூத்திட்டுப் போயிடலாம். நல்லவங்க பண்ணா இன்னா பண்றது? வாய மூடிக்கினு இருக்கணும். எனுக்கு வாய மூடிக்கினு இருந்தே பயகிப் போச்சி.

உத்திரமேரூர்ல பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடணும்னு வருசா வருசம் நாடகம் போடுவாங்க. ஓடு வந்துச்சோ இல்லியோ, நாடகம் வந்துக்கினே இருந்துச்சி. தாலுக்கா ஆபீசு குமாஸ்தா சேஷுதான் எப்பவும் பொம்பள வேசம். மீசைய மயிச்சிட்டு, பொண்டாட்டி பொடவைய சுத்திக்கினு வந்து நிப்பாரு. அந்த வருசம் வாத்தியாரு சொந்தமாவே ஒரு நாடகம் எழுதிட்டாரு. ராசா காலத்துல ஏரிக்கர ஒடையறப்ப அடைக்கப் போயி செத்துப்போற ஒரு புள்ளையோட கத. அந்தப் புள்ளையப் பெத்தவ பேரு செங்கமலம். இந்த வேசத்துக்கு நெசமான பொம்பளைங்களும் வரலாம், ஞாயித்துக்கெயம நெல்லு மண்டிக்கு வந்து பாடிக் காட்டலாம், நல்லா பாடறவங்களுக்குத்தான் வேசம்னு தண்டோராவே போட்டாங்க.

எங்க ஊரு காவாந்தண்டலம் வரைக்கும் அந்தத் தண்டோரா வந்துச்சி. நாங்க நடவுல இருந்தோம். "போயேன்டி ஆதிலட்சுமி, ஒன் தொண்டைக்கு அந்த சேஷு மறுபடி மீச வெச்சிக்க வேண்டியதுதான்"னு பொம்பளைங்க கிண்டல் பண்ணாங்க. கிண்டல்தான், ஆனா பொய் இல்ல. நடவுன்னா நான்தான் பாட்ட எடுக்கணும். எயவுன்னா நான்தான் ஒப்பாரிய எடுக்கணும். சுத்துப்பட்டுல யாரு செத்தாலும் பொணத்துக்கு மால வருதோ இல்லியோ, "ஆதிலட்சுமிக்கு ஆள் போச்சா"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஊருல கீற பொணத்துக்கெல்லாம் நான் அயுதுட்டேன். நான் பெத்த புள்ளைக்குத்தான் அயுவல.

எம் புள்ள பேரு பச்சமுத்து. அஞ்சு வயசு. அதுக்கு முந்தின வருசம் பங்குனியில ஒடம்பு பூரா அம்மை போட்டுடிச்சி. வேப்பலையிலதான் படுக்க வெச்சேன், மோரும் எளநியும்தான் குடுத்தேன், மாரியாத்தாளுக்கு வேண்டாத வேண்டுதல் இல்ல. இட்டுக்கினு போய்ட்டா. அம்மை கண்டு செத்தா அயுவக் கூடாது, தெரியுமில்ல? மோளம் கெடையாது, ஒப்பாரி கெடையாது. வாய் தொறந்து அயுதா ஆத்தாளுக்குக் கோவம் வந்து தெருவுல கீற மத்த புள்ளைங்களயும் கூப்ட்டுக்குவான்னு சொல்லுவாங்க. நான் வாயத் தொறந்தேன். எங்க நாத்தனா தாயாரம்மா ஓடியாந்து என் வாயப் பொத்திட்டா. கையால நெசமாவே பொத்துனா. அவளுக்கு மூணு புள்ளைங்க தெருவுல வெளையாடிக்கினு இருந்துச்சிங்க. அவள நான் இன்னா சொல்றது? பொத்துன கைய நானும் தட்டி வுடல.

சத்தமில்லாம கொண்டும்போயி பொதச்சிட்டு வந்துட்டாங்க. ஆனா பாட்டு எங்க போவும்? உள்ளியே இருந்துச்சி. நாத்து நடறப்ப வாய் ஒரு பாட்டு பாடும், வயித்துக்குள்ள இன்னொண்ணு ஓடும். ஒரு வரி, ரெண்டு வரின்னு அது பாட்டுக்கு வளந்துச்சி. ஒரு நாளும் வெளிய வுட்டதில்ல.

தண்டோரா கேட்டப்ப எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சி. நாடகத்துல புள்ள சாவறான், பெத்தவ அயுவணும். ஊரே எதுர்ல ஒக்காந்து பாக்க, மேடமேல நின்னு, வாய் தொறந்து அயுவணும். அங்க யாரு ஏறி வந்து வாயப் பொத்தப் போறா? பேரும் வாணாம், மாலையும் வாணாம், எனுக்கு அந்த வேசம் வேணும். அவ்ளோதான்.

எங்கூட்டுக்காரரு முத்துவேலுகிட்ட சொன்னேன். "கூத்தாடப் போறியா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா ஒனுக்கு?"ன்னாரு. "கெட்டுத்தான் போச்சி"ன்னேன். அவரு ஏர் மாட்ட அவுத்துக் கட்டுனாரு. அப்பறம் "சரி, தனியாப் போவாத, நானும் வரேன்"னாரு. புள்ள போனதுல இருந்து அந்த மனுசன் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. ஆனா எதுக்குப் போறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சின்னு நெனைக்கறேன்.

மண்டி கன்னியப்பனோடது. நாடகத்துக்கு அவருதான் காரியதரிசி. முன்னால நெல்லு மண்டி, பின்னால அவங்க வூடு, நடுவுல ஒரு கதவு. மூட்டைங்கள ஓரமாத் தள்ளிட்டு ஜமக்காளம் விரிச்சிருந்தாங்க. சின்னப்பையன்னு ஒருத்தரு ஆர்மோனியத்த வெச்சிக்கினு இருந்தாரு. பேருதான் சின்னப்பையன், தலையெல்லாம் நரச்ச ஆளு. வந்தவங்கள்ல பொம்பள நான் ஒருத்திதான். மொதல்ல மண்டியில எட போடறவன் ஒருத்தன் பாடுனான். மேல போவறப்ப தொண்ட கிழிஞ்சி, ஆர்மோனியம் சரியில்லன்னான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுத்தது சேஷு. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாடுனாரு, தேன் மாதிரி. ஆனா புள்ள செத்தவ அப்டிப் பாட மாட்டா.

அப்பறம் என்னக் கூப்ட்டாங்க. வாத்தியாரு, "பயப்படாதேம்மா, வயல்ல பாடற பாட்டு ஏதாவது பாடு"ன்னாரு. பாடுனேன். அவரு சேஷுவப் பாத்தாரு, சேஷு தரையப் பாத்தாரு. "நன்னா இருக்கு. இப்போ இதக் கேளு. பிள்ளைய ஏரிலேர்ந்து தூக்கிண்டு வந்து போட்டிருக்கா. நீதான் செங்கமலம். அவனப் பாத்து எப்படிப் பாடுவே? நான் எழுதின பாட்டு வேண்டாம், உனக்கு வர மாதிரியே பாடு"ன்னாரு.

எனுக்கு வர மாதிரி. அந்த வார்த்தய அவரு சொல்லாம இருந்திருக்கலாம். நான் வேற எவ்ளோ ஒப்பாரி வெச்சிருக்கேன், அதுல ஒண்ணு பாடி வேசத்த வாங்கிக்கினு, எம் பாட்ட மேடயில பாடியிருக்கலாம். அவ்ளோ நாளு தாங்குனவளுக்கு இன்னும் கொஞ்ச நாளு தாங்கத் தெரில.

"தீப்பெட்டில வண்டு வெச்சி
தெனந்தெனமும் தழ குடுத்த
வண்டு இங்க தவிக்குதடா
வளத்த கண்ணு எங்கடா

வேப்பலையே பாயாச்சி
விரிச்சி ஒன்னப் படுக்க வெச்சேன்
வாய் தொறந்தா குத்தமின்னு
வயித்துக்குள்ள அயுதேன்டா"

பச்சமுத்து புடிச்சி வளத்த பொன்னுவண்டு, அவன் செத்தப்பறமும் அந்தத் தீப்பெட்டில உசுரோட இருந்துச்சி. நான்தான் அதுக்குத் தழ போட்டேன். அதெல்லாம் பாட்டுல வந்துச்சி. எவ்ளோ நேரம் பாடுனேன்னு தெரியாது. ஆர்மோனியம் மொதல்ல தேடித் தேடி வந்து, அப்பறம் கூடவே வந்துச்சி. வாத்தியாரு கண்ணாடியக் கயட்டிட்டாரு. எங்கூட்டுக்காரரு நெல்லு மூட்ட மேல மூஞ்சிய வெச்சிக்கினு முதுவு குலுங்க நின்னாரு. நான் பாத்தேன். அந்த மனுசன் அயுது அன்னிக்குத்தான் பாத்தேன்.

நடுக்கதவு தொறந்துச்சி. மண்டிக்காரம்மா நின்னாங்க, மூஞ்சி வெளுத்துப் போயி. அவங்க பின்னால அவங்க பொண்ணு, தலப்புள்ளைக்கு வந்திருக்குது, நெற மாசம்.

"அம்மை கண்டு செத்த புள்ளைக்கா ஒப்பாரி வெக்கற? எங்கூட்டுல?"ன்னாங்க. சத்தம் கூட போடல, மெதுவாத்தான் கேட்டாங்க. "மாசமா கீற பொண்ணு காதுல வியுதேம்மா. நீயும் ஒரு புள்ளயப் பெத்தவதான?"

வேப்பலன்னு சொன்ன பாவம், அந்த ஒரு வார்த்தையில எல்லாம் தெரிஞ்சிபோச்சி. அந்தம்மா மஞ்சத் தண்ணியக் கொண்டாந்து நான் ஒக்காந்த எடத்துல தெளிச்சாங்க. பொண்ண உள்ள இட்டும்போயி கதவ மூடிட்டாங்க. கன்னியப்பன் எயுந்துட்டாரு. "அந்தம்மா கொரலு கொரலுதான், நான் இல்லங்கல. ஆனா வாணாம் வாத்தியாரே. நாளைக்கி எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா நாடகமா வந்து நிக்கும்?"னாரு. வாத்தியாரு, இதெல்லாம் மூட நம்பிக்க, பாட்டுக்கும் அம்மைக்கும் இன்னா சம்பந்தம்னு வாதாடிப் பாத்தாரு. நடக்கல. செங்கமலம் மறுபடி சேஷுவுக்கே போயிடுச்சி.

அந்தப் பொண்ணுக்கு சுகமாத்தான் பொறந்துச்சி, ஆம்பளப் புள்ள. ஒரு கொறயும் இல்ல. நல்லா இருக்கட்டும்.

கொஞ்ச நாளு கயிச்சி வாத்தியாரு சேஷுவ இட்டுக்கினு எங்கூட்டுக்கே வந்தாரு. நாத்தனா வூட்டுல இருந்து நாற்காலி வாங்கியாந்து போட்டோம். "ஆதிலட்சுமி, உன் பாட்டத்தாம்மா நாடகத்துல வெச்சிருக்கேன். நான் எழுதினத கிழிச்சே போட்டுட்டேன். சின்னப்பையன் அன்னிக்கே மெட்டப் பிடிச்சுண்டுட்டார். உன்ன மேடைல ஏத்த முடியல, உன் பாட்டயாவது ஏத்தணும்னு பாக்கறேன். உனக்கு சம்மதம்தானே?"ன்னாரு. அவரு கண்ணுல தண்ணி. நமக்கு ஒரு நல்லது பண்றதாத்தான் அந்த மனுசன் நெனச்சிக்கினு வந்திருக்காரு. சேஷு கொஞ்சம் கூச்சமா, "வேப்பலன்னு வர எடத்த மாத்திட்டோம். கன்னியப்பன் ஒத்துக்கல. பூவிதழ்னு பாடறேன். தீப்பெட்டியும் அந்தக் காலத்துக்கு ஒத்து வராது, தங்கப்பெட்டின்னு..."ன்னு இயுத்தாரு.

நான் சரின்னும் சொல்லல, வாணாம்னும் சொல்லல. மோரு குடுத்து அனுப்புனேன். இத்தினி பெரிய மனுசங்க வூடு தேடி வந்து கேக்கறப்ப, அது எம் புள்ளையோடது, வுட மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? பாட்டுக்கு இன்னா பட்டாவா கீது?

ரெண்டு மாசம் கயிச்சி ஒரு நாளு சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்துலதான் நாடகம். பொம்பளைங்க பக்கம் நானும் தாயாரம்மாளும் ஒக்காந்தோம். எங்கூட்டுக்காரரு வரல. மைக் செட்டு வெச்சிருந்தாங்க, ஏரிக்கர வரைக்கும் கேட்டிருக்கும். சேஷு ஒரு மரப்பொம்மைய மடியில போட்டுக்கினு பாடுனாரு.

"தங்கப்பெட்டில வண்டு வெச்சி..."

என்னச் சுத்தி கீற அத்தன பொம்பளையும் அயுவறாங்க. மண்டிக்காரம்மா பேரன மடியில வெச்சிக்கினு மூக்க சிந்தறாங்க. தாயாரம்மா முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கினு தேம்பறா. எனுக்கு ஒரு சொட்டு வரல. தங்கப்பெட்டிக்கு யாரு அயுவறது? எம் புள்ள தங்கத்தக் கண்ணால பாத்ததில்ல. பாட்டு முடிஞ்சதும் கைதட்டுனாங்க, மறுபடி பாடச் சொன்னாங்க. சேஷு செத்த புள்ளைய மடியில வெச்சிக்கினே கும்பிடு போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து பாடுனாரு.

அதுக்கப்பறம் அந்தப் பாட்டு ஊரு பாட்டா ஆயிடுச்சி. ஏத்தம் எறைக்கறவன் பாடறான், மாடு மேய்க்கற பசங்க பாடறானுங்க. எங்க தெரு புள்ளைங்க ஒண்ணப் படுக்க வெச்சி, ஒண்ணு சேஷு மாதிரி கைய நீட்டிக்கினு பாடும். படுத்திருக்கறது சிரிப்ப அடக்க முடியாம எயுந்து ஓடிடும்.

அடுத்த ஐப்பசி மயையில எங்க தெரு செல்லாயி மவன் பாம்பு கடிச்சி செத்துட்டான். வயசுப் புள்ள, கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்க. எனுக்கு ஆள் வந்துச்சி, போனேன். செல்லாயி என்னப் பாத்ததும் எயுந்து வந்து கையப் புடிச்சிக்கினா.

"யக்கா, எம் புள்ளைக்கு அந்த நாடகப் பாட்டப் பாடுக்கா. சேஷு பாடுச்சே, அது. ஒன் தொண்டைக்கு நல்லா இருக்கும்"னா.

பெத்தவ கேக்கறா, பொணம் முன்னால கெடக்குது. முடியாதுன்னு சொல்ல எனுக்கு மனசு வரல. ஒக்காந்து எடுத்தேன். தீப்பெட்டின்னுதான் வாயில வந்துச்சி, யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது கண்ணியில வேப்பலன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்த தாயாரம்மா என் தொடைய அழுத்துனா.

"வேப்பல இல்ல அண்ணி, பூவிதழு. நாடகத்துல அப்டித்தான் வரும். சரியாப் பாடு"ன்னா.

அவ மூஞ்சியப் பாத்தேன். அவளுக்கு நெசமாவே தெரில. அன்னிக்கி என் வாயப் பொத்துனவ, இது யாரு பாட்டு, எந்த வேப்பலன்னு அவளுக்கு ஞாபகமே இல்ல. செல்லாயி நான் எப்போ பாடுவேன்னு என்னயே பாத்துக்கினு இருந்தா.

பூவிதழுன்னே பாடுனேன். சேஷு எப்டிப் பாடுனாரோ அப்டியே கடைசி வரைக்கும் பாடி முடிச்சேன். செல்லாயி என் தோள்ல சாஞ்சிக்கினு அயுதா. புள்ள பேரச் சொல்லிச் சொல்லி, ஊரே கேக்க, வாய் தொறந்து அயுதா. எனுக்கு அவ மேல பொறாமையா இருந்துச்சி.