கச்சிதமான டிரஸ்

கீழக்குயில்குடியில் சேலை என்றால் சேலை, வேட்டி என்றால் வேட்டி. டிரஸ் என்ற சொல் முத்துத்தாயின் வீட்டுக்குள் நுழைந்ததே துபாய்க் கடிதத்தில்தான். இரண்டு வருஷம் முன்னால் கொத்து வேலைக்குப் போன புருஷன் நல்லகாமன், எழுபத்தாறு தீபாவளிக்கு எழுதியிருந்தான்: “பாப்பாவுக்கு டிரஸ் குடுத்துவிட்டிருக்கேன். அளவு சரியா இருக்கா?”

வந்தது ரோஸ் நிறக் கவுன். ஏழு வயசுப் பாண்டியம்மாளுக்குக் கையே நுழையவில்லை. பாவம், மனுஷன் விட்டுப்போன உயரத்துக்குத்தானே வாங்குவான்! பெற்ற பிள்ளையின் அளவு தெரியவில்லையே என்று கடல் தாண்டி உட்கார்ந்து மறுகுவான் என்று, முத்துத்தாய் பதில் எழுதினாள்: “டிரஸ் கச்சிதமா இருக்கு.”

அந்த ஒரு பொய்தான். அதை நம்பி அவன் வருஷத்துக்கு இரண்டு விரற்கடை கூட்டி வாங்கினான். இங்கே பிள்ளை முருங்கை மாதிரி வளர்ந்தது. போட்டோ கேட்டான், பொய் வெளுத்துவிடுமே என்று ஏதேதோ சாக்குச் சொன்னாள். கவுன்களெல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் போயின. சில மதியங்களில் ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள், அவன் கைபட்டு வந்த துணியாயிற்றே. டிரஸ் என்று எவராவது சொன்னாலே அவன் முகம்தான் வந்து நிற்கும். ஆளைப் பார்க்க அவ்வளவு ஏங்கினாள். அவனோ ஒவ்வொரு தடவையும், “இன்னொரு காண்ட்ராக்ட் முடிச்சிட்டு வாரேன்” என்று எழுதினான்.

எண்பத்தொன்று ஆவணியில் பாண்டியம்மாள் பெரியவளானாள். தாய்மாமன் விருமாண்டி சீர் கொண்டுவந்தான்; பிள்ளை தாவணிக்கு மாறினாள். இதைத் தகப்பனுக்கு எப்படி எழுதுவது? முத்துத்தாய் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஆளே வந்துவிட்டான்.

டாக்ஸியில் வந்து இறங்கியவனைக் கண்டதும் பாண்டியம்மாள் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடினாள். “யம்மா, யாரோ வந்திருக்காக!”

வெளியே வந்த முத்துத்தாயைப் பார்த்து நல்லகாமன் வாய் நிறையச் சிரித்தான். கையில் மஞ்சள் கவுன்.

“எளச்சுப் போயிட்டியே புள்ள. உள்ள ஓடுனது யாரு, உன் தங்கச்சியா? பாப்பா எங்க?”

முத்துத்தாய் திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்ற மகளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

“இதுதேன் பாப்பா.”

அவன் மகளைப் பார்த்தான், கவுனைப் பார்த்தான்.

“மொத கவுனே பத்தல. நீங்க வெசனப்படுவீகன்னு பொய் எழுதிட்டேன்” என்று முத்துத்தாய் உடைந்து அழுதாள்.

நல்லகாமன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பத்தலைன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா அந்த வருசமே ஓடியாந்திருப்பேனே, பாவி மகளே! பிள்ள இன்னும் பொடிசாத்தேன் இருக்கு, பெறகு போய்க்கிரலாம்னுல்ல இருந்துட்டேன்.”