மங்களம் பாடாத படம்

யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் அந்தக் கிழமை முழுக்க ஒரே கதைதான். யாகோப்புவின் மகன் சிமியோன் பேசும் படத்தில் வருகிறானாம். வலை பொத்துகிறவர்கள், மீன் விற்கப் போகிற பெண்கள், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்கள், ஆளை ஆள் கண்டால் இதைத்தான் கதைத்தார்கள். நேற்றுவரை அந்தப் பெடியனை அப்பன் சொல் கேளாத கழுதை என்று திட்டிய அதே வாய்கள் இப்போது ‘எங்கடை சிமியோன்’ என்று தேன் ஒழுகின. ஊர் வாய் என்றைக்கும் அப்படித்தான், அதை விடுவோம்.

சிமியோன் போய் இரண்டு வருசமாகிறது. கோயில் கூத்தில் ராசகுமாரன் வேசம் கட்டிப் பேர் வாங்கியவனுக்கு, மதராசுக்குப் போய்ப் படத்தில் நடிக்க வேண்டும் என்ற ஆசை பிடித்தது. தகப்பன் யாகோப்பு தோணியை விட்டால் வேறெதுவும் தெரியாத மனிதர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். துறையில் நாலு பேர் பார்க்க மகனின் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்று பின்னேரமே பெடியன் அக்கரைக்குப் போகிற ஒரு தோணியில் ஏறிவிட்டான். அதன் பிறகு அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று யாகோப்பு கட்டளை போட்டார். தாய்க்குப் பெயர் யோசப்பின். அவளும் எடுக்கவில்லை. செபமாலை உருட்டும்போது மணிக்கு மணி மனதுக்குள் எடுத்தாள். மனதுக்குள் யார் வந்து கட்டளை போடுவது?

செய்தியைக் கொண்டுவந்தவர் கருவாட்டு வியாபாரி செபநாயகம். தூத்துக்குடிக்கு அடிக்கடி போய் வருகிறவர். ஒரு காலை யோசப்பினின் வீட்டு வேலிப் படலையடியில் வந்து நின்று, "தங்கச்சி, தூத்துக்குடியிலை ஒரு படம் பார்த்தனான். அதிலை உன்ரை சிமியோனைக் கண்டனான்" என்றார்.

அடுத்த சொல் சொல்ல அவரை விட்டாளா அவள்? வேலிக்கு மேலால் எட்டி மச்சாள் லூர்த்தம்மாவைக் கூப்பிட்டாள். லூர்த்தம்மா யாகோப்புவின் தங்கை, பக்கத்து வளவு. அவள் வர, அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். யோசப்பின் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மகன் போன நாள் தொட்டு அவள் சிரித்து யாரும் கண்டதில்லை. செபநாயகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "படம் இஞ்சையும் வருகுதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

யோசப்பினின் மனதில் ஒரு திட்டம் இருந்தது. மகன் சுகமாயிருக்கிறான், நாலு பேர் மெச்ச நடிக்கிறான் என்று கண்ணால் கண்டு வந்து சொன்னால் மனிசன் இளகுவார். இளகினால் செபநாயகத்திடம் சொல்லி அனுப்பலாம். தகப்பன் கூப்பிடுகிறார் என்று கேட்டால் பிள்ளை ஓடி வருவான், யேசு பிறக்கும் நத்தாருக்கு வீட்டில் இருப்பான். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. படம் நல்லதோ கெட்டதோ அவளுக்கு அக்கறை இல்லை.

"இஞ்சருங்கோ, நீங்களும் ஒருக்கா வாங்கோவன்" என்று யாகோப்புவைக் கேட்டும் பார்த்தாள்.

"அவன்ரை மூஞ்சியைக் காசு குடுத்துப் பார்க்க எனக்கென்ன விசரே?" என்றார் அவர். ஆனால் நீ போகாதே என்று சொல்லவில்லை. இத்தனை காலம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

படம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்தது. பெயர் ‘ஆகாய இன்ஸ்பெக்டர்’. மாட்டு வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நோட்டீஸ் வீசினார்கள். முனிவர் கொடுத்த மந்திரப் பட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஆகாயத்தில் பறப்பாராம். கடற்கொள்ளைக்காரரை விரலால் சுட்டியே விழுத்துவாராம். நடுக்கடலில் கப்பல் வெடிக்குமாம். கேட்டவர்களுக்கு வாயூறாமல் என்ன செய்யும்? சனிக்கிழமை பின்னேரக் காட்சிக்குக் குருநகரே திரண்டு போனது. செபநாயகம் வரமாட்டேன் என்று எத்தனையோ சாட்டுச் சொன்னார். "நீங்கள்தானே அண்ணை எனக்குக் காட்டித் தரவேணும்" என்று யோசப்பின் அவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் ஒரு பக்க நீட்டு வாங்குகளிலும் பெண்கள் மறுபக்க வாங்குகளிலும் இருந்தார்கள். செபநாயகம் எந்தப் பக்கமும் வராமல் கதவடியில் குந்திக்கொண்டார்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சங்கதி விளங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் பறந்தார்; அவர் முதுகில் கட்டிய கயிறும் சேர்ந்து பறந்தது. ஆளோ வயிறு பெருத்த மனிதர். கயிற்றில் தொங்கி அவர் ஒரு சுற்றுச் சுற்றியபோது, கதிரை போட்டு இருந்த பட்டினத்துப் பெரிய மனிதர்களே கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார்கள். நடுக்கடலில் வெடித்த கப்பல், தொட்டித் தண்ணீரில் விட்ட கடுதாசிக் கப்பல். கடலைக் கண்டு வளர்ந்த குருநகர் ஆட்களிடமா இந்த விளையாட்டு? "கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியிலை விட்டிருக்கிறாங்கள்" என்று ஒருவர் சொல்ல, கொட்டகை சிரித்து அடங்க நேரம் பிடித்தது. பிறகு முனிவர் பாடினார். இன்ஸ்பெக்டரின் காதலி பாடினாள். இன்ஸ்பெக்டரின் குதிரை மட்டும்தான் பாடவில்லை. நோட்டீசை நம்பி நடந்து வந்த சனத்துக்கு வயிறு எரிந்தது.

யோசப்பின் சிரிக்கவும் இல்லை, எரியவும் இல்லை. கொள்ளைக்காரரோடு நிற்பான் என்று செபநாயகம் வழியில் சொல்லியிருந்தார்; அவர்கள் வரும்போதெல்லாம் முகம் முகமாகத் தேடினாள். எல்லோருக்கும் ஒரே மீசை, ஒரே தலைக்கட்டு. எந்தத் தாய்தான் இதற்குள் பிள்ளையைக் கண்டுபிடிப்பாள் என்று அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கடல் வந்தது. இது தொட்டி இல்லை, மெய்யான கடல். மேலே ஒரு தோணி, தோணி நிறையக் கொள்ளைக்காரர். தோணியின் பாயைக் கண்டதும் ஆண்கள் பக்கத்தில் திரும்பவும் கூச்சல் கிளம்பியது. படம் பிடிக்கிறவனுக்குப் பாய் வடிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அதைக் காற்றுக்குக் குறுக்கே இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தோணி தொழில் தெரிந்த எவனும் கனவிலும் செய்யாத வேலை. "தாழப் போறாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

"மச்சாள், உங்கை பார், பாய்மரத்தடியிலை" என்று லூர்த்தம்மா யோசப்பினின் தோளை அமத்தினாள்.

ஓம், அவன்தான். அந்த ஒட்டு மீசைக்குப் பின்னாலும் அவன்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். மற்றவர்கள் வாளைச் சுழற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்த, அவன் மட்டும் பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். யோசப்பின் "என்ரை ராசா" என்று வாய்க்குள் சொன்னாள். இரண்டு வருசத்துப் பாரம் அந்த ஒரு சொல்லோடு இறங்கியது போலிருந்தது.

காற்று திரும்பியது. தோணி ஒரு பக்கமாகச் சரிந்தது. நடிக்க வந்தவர்கள் வாளை எறிந்துவிட்டுத் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். சிமியோன் பாய்ந்து போய்ப் பாய்க்கயிற்றை அவிழ்த்தான். கயிறு இளகி ஓடியது, தோணி நிமிர்ந்தது. ஓடிய கயிற்றின் ஒரு சுருள் அவன் காலில் விழுந்து இறுகியது. அவனைத் தூக்கிக் கடலில் அடித்தது. உடனே திரையில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆகாயத்தில் தொங்கியபடி விரலைச் சுட்டிச் சிரித்தார். அவர்தான் மந்திரத்தால் விழுத்தினாராம்.

பட்டினத்து ஆட்கள் கை தட்டினார்கள். முழுப் படத்திலும் இந்த ஒரு இடம்தான் அவர்களுக்குப் பிடித்தது. "உவன் நல்லாய் விழுந்தான்" என்று யாரோ மெச்சினார். குருநகர் வாங்குகளில் ஒரு கை தட்டவில்லை. சிரித்த வாய்கள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு மனிதர் எழும்பி, "காலிலை கயிறு, காலிலை கயிறு" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பின்னாலிருந்தவர்கள் அவரை இருக்கச் சொல்லி ஏசினார்கள்.

யோசப்பின் பதறி எழும்பப் போனாள். பிறகு தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். விசரி, இது நடிப்பு. கோயில் முற்றத்தில் சிமியோன் ராசகுமாரனாக நடித்து வெட்டுப்பட்டுக் கிடந்தபோதும் அவள் இப்படித்தான் பதறினாள். விடியப்புறம் மங்களம் பாடுகிற நேரம், செத்தவர்கள், கொன்றவர்கள் எல்லோரும் மேடைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். தன்னை வெட்டிய கொலைகாரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் நின்று பாடினான். அவள் பிறந்த நாள் தொட்டு மங்களம் பாடாமல் முடிந்த ஆட்டத்தைக் கண்டதில்லை. செத்தவன் எழும்பி வராத மங்களத்தையும் கண்டதில்லை. படம் என்றால் என்ன, அதுவும் ஆட்டம்தானே. கடைசியில் வருவான், ஈர உடுப்போடாவது வருவான்.

ஆகவே மிச்சப் படத்தையும் பொறுத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கலியாணம் கட்டினார், முனிவர் பூப்போட்டு வாழ்த்தினார். பிறகு திரையில் இங்கிலாந்து ராசாவின் படம் வந்தது. இங்கிலீசுப் பாட்டுக் கேட்டது. எல்லோரும் எழும்பி நின்றார்கள். மங்களம்தான் தொடங்குகிறது என்று யோசப்பினும் எழும்பி, "இனி வருவினம்" என்று லூர்த்தம்மாவின் கையைப் பிடித்தாள். பாட்டு முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். முன்னால் ஒரு வெள்ளைச் சீலைதான் தொங்கியது.

சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. நோட்டீஸ் அடித்தவனைக் கடலில் தூக்கிப் போட வேண்டும் என்றார் ஒருவர். இதைவிடக் கோயில் கூத்து எவ்வளவோ திறம் என்றார் இன்னொருவர். யோசப்பின் வாங்கில் திரும்ப இருந்துவிட்டாள்.

"எழும்பன் மச்சாள், முடிஞ்சுது" என்றாள் லூர்த்தம்மா.

"மங்களம் பாடேல்லையே."

"படத்திலை அப்பிடியெல்லாம் இல்லை."

"செத்த ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை மச்சாள். சிமியோனும் வரேல்லை."

லூர்த்தம்மா அவளுக்குப் பக்கத்தில் திரும்ப இருந்தாள். அவளும் துறையில் பிறந்து வளர்ந்தவள். காலில் கயிறு சுற்றிப் போகிறவன் எப்படி விழுவான், பிறகு என்னவாவான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது யோசப்பினுக்கும் தெரியும். தெரிந்ததை மனம் ஏற்க வேண்டுமே.

கொட்டகையைக் கூட்டுகிறவன் விளக்குமாற்றோடு வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டான். யோசப்பின் திரும்பிக் கதவடியைப் பார்த்தாள். செபநாயகம் இன்னும் அங்கேயே நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணை, அவன் பிறகு மேலை வந்தவனோ?" என்று கேட்டாள்.

செபநாயகம் மெல்ல நடந்து வந்து அவளுக்கு முன்னால் மண்ணில் இருந்தார். "இல்லைத் தங்கச்சி. அவனோடை உந்தத் தோணியிலை நிண்ட ஒரு பெடியனைத் தூத்துக்குடியிலை கண்டு விசாரிச்சனான். அடுத்த நாள்தான் உடல் கரை சேர்ந்ததாம். அங்கை ஒரு கோயில் சேமக்காலையிலை அடக்கம் செய்தவையாம்." மண்ணைப் பார்த்தபடி தொடர்ந்தார். "அதைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான். படத்திலை கண்டனான் எண்டு தொடங்கினன். நீ சிரிச்சிட்டாய். பிறகு எனக்கு வாய் வரேல்லை."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதரை எவ்வளவு ஏசினாலும் தகும். ஊரைக் கூட்டி, ஒரு தாயைக் கொண்டுவந்து வாங்கில் இருத்தி, இதைப் பார் என்று விடலாமா? ஆனால் படலையடியில் அந்தச் சிரிப்பை நேரே கண்டுகொண்டு சொல்லியிருக்கக்கூடிய ஆளும் லேசில் கிடைக்கமாட்டான். யோசப்பினுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அவரை ஒரு சொல் ஏசவில்லை.

ஒப்பாரியும் வைக்கவில்லை. சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடினாள். பிறகு எழும்பி, "அவருக்கு நான்தான் சொல்லுவன். எனக்கு முன்னாலை ஒருத்தரும் அவரிட்டை வாய் திறக்கப்படாது" என்றாள். வெளியில் நின்ற குருநகர் ஆட்கள் அவளுக்கு வழி விட்டு விலகினார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டுகிற மைமல் நேரம். யாகோப்பு தோய்த்த சேட் போட்டு, சீப்பால் தலை இழுத்து, லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு வாசலில் நின்றார். வந்தவளைப் பாராதது போல வேலியைப் பார்த்துக்கொண்டு, "படம் எப்பிடி?" என்று கேட்டார்.

"சரியில்லை. சனமெல்லாம் ஏசிக்கொண்டு போகுது" என்றாள் யோசப்பின். "பறக்கிறவரைக் கட்டின கயிறு தெரியுது. கப்பல் கடுதாசியிலை செய்தது."

"நாளைக்கு நானும் ஒருக்காப் போவமெண்டு பார்க்கிறன்."

"வேண்டாம். உது பார்க்கிற படம் இல்லை."

"படத்தைப் பார்க்கவே போறன்?" என்றார் யாகோப்பு. "அவனைப் பார்க்கத்தானே. பார்த்திட்டு, செபநாயகத்திட்டைச் சொல்லி விடுவம், வரச்சொல்லி. நான் கோபமில்லை எண்டு சொல்லச் சொல்லு."

இதைக் கேட்கத்தான் அவள் இரண்டு வருசம் செபமாலை உருட்டினாள். கேட்டுவிட்டாள். யாரை நோவது? வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் அழுதுவிடாமல் இருப்பதற்காக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"பாயைக் காத்துக்குக் குறுக்காலை கட்டியிருந்தவங்கள்" என்றாள்.

யாகோப்பு வாய்விட்டுச் சிரித்தார். "குறுக்காலையோ? அப்ப உவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிண்டவனே?"

"இல்லை. தோணி சரிய, ஓடிப்போய்க் கயிறை அவிழ்த்தவன். அவன் ஒருத்தன்தான் அவிழ்த்தவன்."

யாகோப்புவின் முகம் விரிந்தது. "சரிஞ்சால் முதல் கயிறை விடு எண்டு சின்னனிலை நான் சொன்னது. மதராசுக்குப் போயும் மறக்கேல்லைப் பார். என்ரை பிள்ளை." அவர் கண் கலங்கியது, அதை மறைக்கவும் அவர் பார்க்கவில்லை. "பிறகு? தோணி நிமிர்ந்ததோ?"

"நிமிர்ந்தது. தோணியிலை நிண்ட மற்ற எல்லாரும் தப்பிட்டினம்" என்றாள் யோசப்பின்.

பிறகு அவர் கையைப் பிடித்துப் படியில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து, மிச்சத்தைச் சொன்னாள்.